பழைய புல்லட்டுக்கு ஒரு டாபெட் மூடி: வீட்டுப் பட்டறையில் அலுமினியம் வார்க்கும் முறை

பழைய மோட்டார் சைக்கிளைப் பேணுகிறவர்களுக்கு அந்த நாள் கட்டாயம் வரும். ஒரு மூடி விரிசல் விட்டிருக்கும். கடைக்காரர் பெட்டி பெட்டியாகத் தேடிவிட்டுக் கையை விரிப்பார். புதுப்பேட்டைச் சந்துகளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தாலும் கிடைக்காது. கிடைத்தாலும் உங்கள் மூடியைவிட மோசமான நிலையில் இருக்கும். அப்போதுதான் "நாமே வார்த்துவிட்டால் என்ன?" என்ற எண்ணம் வருகிறது.

வார்க்கலாம். நூறாண்டுக்கு முந்தைய பட்டறைகள் இந்த மூடிகளை மணலும் மர மாதிரியும் கொண்டே வார்த்தன: மாதிரியை மணலில் பதித்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில் உலோகத்தை ஊற்றினார்கள். அந்த வேலைக்கு இன்றும் அவையே போதும். ஆனால் புதிதாக வருகிற எல்லோரும் உலையைப் பற்றியே கேட்கிறார்கள். உலோகத்தை உருக்க அரை மணி நேரம், ஊற்ற ஐந்து வினாடி. மீதி வேலை முழுவதும் மாதிரியிலும் மணலிலும் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையிலும் அவற்றுக்கே அதிக இடம் தருகிறேன்.

முதல் வார்ப்புக்கு நான் பரிந்துரைப்பது வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் 350-இன் டாபெட் மூடி. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் பல ஆண்டுகள் உருவாக்கிய அதே எந்திரம்தான். வலப்பக்கம், சிலிண்டரின் அடியில், வால்வுகளை இயக்கும் தள்ளுதண்டுகளின் இடைவெளியைச் சரிசெய்யத் திறக்கும் சிறிய மூடி அது. நடுவில் ஒரே ஒரு ஸ்டட் (மரையுள்ள தண்டு), அதன்மேல் ஒரு நட்டு. எண்ணெய் கசிகிறதென்று அந்த நட்டை அளவுக்கு மீறி முறுக்கி முறுக்கி மூடியை வளைத்தவர்கள் ஏராளம்.

இந்த மூடி கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கிடைப்பதால்தான் சொல்கிறேன். உங்கள் வார்ப்பை நல்ல மூடியின் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கலாம். வண்டியும் வேலை முடியும்வரை நிற்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் அளவு, ஆழமில்லாத தட்டு வடிவம், உள்ளே அழுத்தமும் இல்லை. வார்ப்பு தவறினால் சில துளி எண்ணெய் கசியும், அவ்வளவுதான். இதில் கை பழகிய பிறகு, எங்குமே கிடைக்காத உதிரிக்குப் போங்கள்.

இதோடு சேர்த்து ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். மூடிகள், பெயர்ப்பட்டைகள், சங்கிலி உறைகள், கருவிப்பெட்டித் தாங்கிகள் ஆகியவற்றை வீட்டில் வார்க்கலாம். பிஸ்டன், கனெக்டிங் ராட், பிரேக் தகடு, முன் ஃபோர்க்கின் பாகங்கள், பேரிங் உட்காரும் கிராங்க் கேஸ் ஆகியவற்றை வீட்டில் வார்த்து ஓட்டக் கூடாது. வெளியே பளபளக்கும் வார்ப்புக்குள் ஊசித்துளைகள் மறைந்திருக்கலாம். ஊடுகதிர்ப் படம் எடுக்காமல் அவற்றை உறுதியாகக் கண்டறிய முடியாது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் தகடு உடைந்தால் உயிரே போகும். இந்த வரம்பைத் தாண்டச் சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் கேட்காதீர்கள்.

எந்த உலோகம்?

எந்த அலுமினியமும் வார்ப்புக்கு ஆகும் என்று நினைப்பது முதல் தவறு. குளிர்பான டின்களை உருக்கினால் பெரும் பகுதி கசடாகவே போகிறது. ஜன்னல் சட்டங்களும் அப்படியே: அழுத்திப் பிதுக்கி உருவாக்க ஏற்ற கலவை அது, அச்சில் சரியாக ஓடாது, ஆறும்போது வெடிப்பு விடும். வார்ப்புக்கு வேண்டியது சிலிக்கான் கலந்த அலுமினியம். சிலிக்கான்தான் உருகிய உலோகத்தை மெல்லிய இடுக்குகளுக்குள்ளும் ஓட வைக்கிறது. எல்.எம்.25 என்ற கலவையில் ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கானும் சிறிதளவு மக்னீசியமும் உள்ளன. எல்.எம்.6-இல் சிலிக்கான் ஏறத்தாழ 12 சதவீதம். மெல்லிய மூடிகளுக்கு இன்னும் நன்றாக ஓடும். கோயம்புத்தூர் போன்ற வார்ப்பாலை ஊர்களில் இவை கட்டிகளாகவே கிடைக்கும். பழைய உலோகம்தான் வேண்டுமென்றால், உடைந்த அலாய் சக்கரமோ பழைய எந்திர உறையோ நல்லது: வார்ப்பாகப் பிறந்த பொருள் மீண்டும் வார்ப்பாகும்.

பழைய இரும்புக் கடையில் வாங்கும் துண்டுகளில் இரண்டு எதிரிகள் ஒளிந்திருக்கலாம். ஒன்று துத்தநாகக் கலவை. பழைய கார்புரேட்டர் உடல்கள் பல இந்த வகை. தூக்கிப் பார்த்தாலே அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம் தெரியும். துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸிலேயே உருகிக் கலவையைக் கெடுக்கும். மற்றொன்று மக்னீசியம். சில பழைய பந்தய எந்திரங்களின் உறைகள் மக்னீசியத்தால் ஆனவை. அலுமினியத்தைவிடக் கனம் குறைவு. தீப்பிடித்தால் தண்ணீரால் அணைக்க முடியாது, தண்ணீர் அதை மேலும் மூட்டிவிடும். சந்தேகம் வந்தால் ஒரு மூலையை அரத்தால் தேய்த்து அங்கே வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். மக்னீசியம் பொங்கி நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். நுரைத்த துண்டை உலையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மாதிரி

நல்ல மூடியையே மணலில் பதித்து அச்செடுத்தால் வருவது சற்றுச் சிறிய மூடி. உறைந்த அலுமினியம் அறை வெப்பநிலைக்கு ஆறும்போது நீளத்தில் ஏறத்தாழ 1.3 சதவீதம் சுருங்குகிறது. 60 மி.மீ. அளவுக்கு இது 0.8 மி.மீ. ஒற்றை ஸ்டட் மூடிக்கு இதைச் சமாளிக்கலாம். எட்டுத் திருகாணிகள் உள்ள பெரிய டைமிங் மூடியில் 200 மி.மீ.க்கு 2.6 மி.மீ. போய்விடும், ஒரு துளையும் பொருந்தாது. அதனால் வார்ப்பாலை மாதிரிக்காரர்கள் சுருக்கத்தைச் சேர்த்தே கோடுகள் பொறித்த தனி அளவுகோல் வைத்திருப்பார்கள். உங்களுக்குக் கணக்கு போதும்: ஒவ்வொரு அளவையும் 1.013-ஆல் பெருக்குங்கள். முப்பரிமாண அச்சுப்பொறி கைக்கு எட்டினால் கணினிக் கோப்பை 101.3 சதவீதத்துக்குப் பெரிதாக்கி அச்சிட்டு, படிவரிகள் மறையும்வரை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம்.

பழைய மூடியையே மாதிரியாக்குவதென்றால் வழி இது. எண்ணெய்ப் பிசுக்கு நீங்க மண்ணெண்ணெயில் கழுவிக் காயவையுங்கள். விரிசலையும் பள்ளங்களையும் கார் வேலைக்குப் போடும் பட்டியால் நிரப்புங்கள். ஸ்டட் துளையையும் அடைத்துவிடுங்கள், துளையைப் பிறகு துளைத்துக்கொள்ளலாம். விளிம்பைச் சுற்றிப் பட்டியும் பெயிண்டும் அடுக்கடுக்காக ஏற்றி வேண்டிய அளவுக்குப் பெரிதாக்குங்கள். கேஸ்கெட் (எண்ணெய் கசியாமல் இடையே வைக்கும் அட்டை) உட்காரும் முகத்தில் 2 மி.மீ. தடிப்பில் ஒட்டுப்பலகை ஒட்டி, மூடியின் ஓரத்தோடு ஓரமாகச் சீவிவிடுங்கள். இது தேய்த்துச் சமப்படுத்துவதற்கான உபரி. இதை மறந்தால் சமமான முகம் கிடைக்கும் வேளையில் மூடி மெலிந்துபோயிருக்கும்.

அடுத்தது சாய்வு. மாதிரியின் பக்கச் சுவர்கள் நேர் செங்குத்தாக இருந்தால், வெளியே எடுக்கும்போது மணலையும் பிய்த்துக்கொண்டு வரும். ஒன்றிரண்டு டிகிரி சாய்வு இருந்தால் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். ஒரு கோப்பைக்குள் இன்னொன்றை அடுக்கி எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கச் சுவருக்கும் சாய்வு வேண்டும்: குழி வாயருகே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்க வேண்டும். உள் மூலைகள் கூராக இருந்தால் பட்டியால் வளைத்து நிரப்புங்கள். கூரான மூலையில்தான் வார்ப்பு வெடிக்கும். சுவர்த் தடிப்பு 4 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. சுவரில் உலோகம் பாதி வழியிலேயே உறைந்து நின்றுவிடும்.

கடைசியாக இரண்டு கை பெயிண்ட், நன்றாகக் காய்ந்தபின் மெழுகு. மாதிரியின் மேலுள்ள ஒவ்வொரு கீறலையும் மணல் அப்படியே படியெடுக்கும். இங்கே செலவழிக்கும் ஒரு மாலை, பின்னால் அரத்தோடு போராடும் மூன்று மாலைகளை மிச்சப்படுத்தும்.

மணல்

வேண்டியது மெல்லிய சிலிக்கா மணல், பெண்டோனைட் களிமண், தண்ணீர். 10 கிலோ உலர்ந்த மணலுக்கு ஒரு கிலோ பெண்டோனைட், 300 முதல் 400 மி.லி. தண்ணீர். மின் எர்த் குழிக்குப் போடும் பெண்டோனைட் பொடியே இதற்கு ஆகும். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருக்கும். உலர்ந்த நிலையில் மணலையும் களிமண்ணையும் கலக்கும்போது எழும் தூசிதான் இந்த வேலையின் மறைவான ஆபத்து. சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. நல்ல தூசிக் கவசம் அணிந்து, திறந்த வெளியில் கலக்குங்கள்.

தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். பிறகு மூடிய வாளியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். களிமண் ஈரத்தை மெல்லத்தான் வாங்கும். மறுநாள் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரல் தடம் தெளிவாகப் பதிய வேண்டும். அந்த உருண்டையை இரண்டாக முறித்தால் உதிராமல் கூராக முறிய வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. கொழுக்கட்டை பிடித்த கைக்கு இந்தப் பதம் சீக்கிரம் பிடிபடும். ஈரம் மிஞ்சினால் வார்ப்பில் குமிழ்கள் வரும். என் முதல் மூடியை வெட்டிப் பார்த்தபோது உள்ளே ரொட்டித் துண்டுபோல் இருந்தது. மணல் கெட்டியாக நிற்கட்டும் என்று நான் கூடுதலாகத் தெளித்த தண்ணீர்தான் காரணம்.

அடியும் மேலும் திறந்த இரண்டு மரச் சட்டங்கள் வேண்டும்: கீழ்ப்பெட்டி, மேல்பெட்டி. இரண்டும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார, பக்கங்களில் முளைகள் அடித்துக்கொள்ளுங்கள்.

சமமான பலகையில் மூடியின் கேஸ்கெட் முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். அதைச் சுற்றிக் கீழ்ப்பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். மாதிரியின் மேல் டால்கம் பவுடர் தூவி, முதல் இரண்டு அங்குல மணலைச் சல்லடையில் சலித்துப் போடுங்கள். பிறகு அடுக்கடுக்காகப் போட்டு இடியுங்கள், முதலில் ஓரங்களில், பிறகு நடுவில். மேலே வழித்து, இன்னொரு பலகையை வைத்து, பெட்டியை அப்படியே திருப்புங்கள். இப்போது மூடியின் குழிந்த பக்கம் மேலே தெரியும். இரண்டு பெட்டிகளும் பிரியும் பரப்பு முழுவதும் பவுடர் தூவி மேல்பெட்டியை வையுங்கள். உலோகம் இறங்க ஒரு கூம்புக் குச்சி, ரைசருக்கு (உறையும் வார்ப்புக்குக் கூடுதல் உலோகம் தரும் துளை) ஒரு தடித்த குச்சி, இரண்டையும் மாதிரியிலிருந்து சற்றுத் தள்ளி நட்டு, மீண்டும் மணலிட்டு இடியுங்கள். மூடியின் குழியை நிரப்பும் மணல் மேல்பெட்டியோடு சேர்ந்து தொங்க வேண்டும், அதனால் அந்த இடத்தில் விரலால் நன்றாக அழுத்துங்கள். மெல்லிய கம்பியால் ஆங்காங்கே குத்திக் காற்றுத்துளைகள் விடுங்கள்.

குச்சிகளை உருவி எடுத்து, மேல்பெட்டியை நேராகத் தூக்குங்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளும் கணம் இது. மாதிரியை மெல்லத் தட்டித் தளர்த்தி, ஒரே சீராக மேலே எடுங்கள்.

இனி உலோகம் போகும் பாதை. வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: ஊற்றுத்துளையின் அடியிலிருந்து ஒரு வாய்க்கால், அது அச்சுக்குள் நுழையும் இடத்தில் ஒரு மடை. வாய்க்கால் அகலம், மடை ஆழமற்றது. உருகிய அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடுத் தோல் இருக்கிறது. உலோகம் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தைத் தாண்டிப் பீறிட்டால் அந்தத் தோல் மடிந்து உள்ளே சிக்கும், அங்கே வார்ப்பு பலவீனமாகும். 13 மி.மீ. உயரத்திலிருந்து விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடுகிறது. ஆகவே ஊற்றுத்துளையில் விழும் உலோகத்தின் வேகத்தை வாய்க்கால் தணித்து, மடை வழியாக அமைதியாகப் பரவ விட வேண்டும்.

ரைசரின் வேலை வேறு. அலுமினியம் உறையும்போது கன அளவில் ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது. கடைசியாக உறையும் தடித்த இடம், இந்த மூடியில் நட்டு உட்காரும் நடுப்பகுதி, குழி விழுந்துவிடும். அதைவிடத் தடித்த ரைசர் பக்கத்தில் இருந்தால் அது கடைசியாக உறையும், பசித்த இடத்துக்கு உலோகத்தைக் கொடுக்கும். அச்சுக்கும் ரைசருக்கும் இடையே உள்ள வழி நீளம் குறைந்ததும் தடித்ததுமாக இருக்கட்டும்.

உதிர்ந்த மணலை ஊதித் துடைத்து, மேல்பெட்டியை மூடி, ஐந்து கிலோ பாரம் வையுங்கள். உலோகத்தின் அழுத்தம் மேல்பெட்டியைத் தூக்கிவிடும்.

உலை

இருபது லிட்டர் இரும்பு டின், உள்ளே 50 மி.மீ. தடிப்பில் பீங்கான் இழைப் போர்வை, அதன்மேல் உலைப்பூச்சு, நடுவில் துளையுள்ள மூடி. பூச்சில்லாத இழை காற்றில் பறந்து நுரையீரலுக்குப் போகும், அதனால் பூச்சைத் தவிர்க்காதீர்கள். எரிபொருளாக முதலில் கரியே போதும். சிரட்டைக் கரியும் ஒரு சிறிய ஊதியும் இருந்தால் ஒரு கிலோ அலுமினியத்தை உருக்கிவிடலாம். எரிவாயுவுக்கு மாறினால் 19 கிலோ வணிக சிலிண்டர், உயர் அழுத்த ரெகுலேட்டர், தீ பின்வாங்காமல் தடுக்கும் வால்வு மூன்றும் தேவை. சமையலறைச் சிலிண்டரை இதற்கு எடுப்பது சட்டப்படியும் தவறு, அதன் ரெகுலேட்டர் அழுத்தமும் போதாது.

மூசை, அதாவது உலோகத்தை உருக்கும் கலம், களிமண்-கிராஃபைட்டில் ஆனதாக இருக்கட்டும். இரும்புக் குழாயில் அடைப்பு வைத்து உருக்குபவர்கள் உண்டு. அலுமினியம் இரும்பை மெல்லக் கரைக்கும், கலவை நொறுங்கும் தன்மை பெறும், ஒரு நாள் மூசையே ஓட்டையாகும். புது மூசையை முதலில் மெல்லச் சூடாக்கி ஈரத்தை விரட்டுங்கள். உலோகத் துண்டுகளை உள்ளே இறுக்கித் திணிக்காதீர்கள். சூட்டில் விரிந்து மூசையைப் பிளந்துவிடும். மூசைக்கும் அடிக்கல்லுக்கும் நடுவே ஒரு துண்டு அட்டை வைத்தால் ஒட்டிக்கொள்ளாது.

உலோகத்தை மூடியின் எடையைப்போல் இரண்டரை மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலும் ரைசரும் அவ்வளவு குடிக்கும்.

ஊற்றும் நாள்

மழை மேகம் இருந்தால் தள்ளிவையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடம் கேட்கும். உருகிய அலுமினியத்தின் அடியில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் சிக்கினாலும் உலோகம் முகத்துக்குத் தெறிக்கும். இதே காரணத்தால் சிமெண்டுத் தரையிலும் மொட்டை மாடியிலும் ஊற்றக் கூடாது. சிமெண்டுக்குள் உள்ள ஈரம் வெடித்துச் சில்லுகள் பறக்கும். மண் தரையில் ஒரு சாண் உயரத்துக்கு உலர்ந்த மணல் பரப்பி, அதன்மேல் வேலை செய்யுங்கள்.

பருத்தி உடை, தோல் மேலங்கி, தோல் கையுறை, முகக் கவசம், தோல் காலணி. பேன்ட் காலணிக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகினால் தெறித்த உலோகம் காலணிக்குள் இறங்கும். பாலியஸ்டர் உடை தோலோடு உருகி ஒட்டும். குழந்தைகளையும் நாயையும் வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். அருகில் உலர்ந்த மணல் வாளி இருக்கட்டும், தண்ணீர் வாளி வேண்டாம். தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீர் வீட்டுப் பக்கம் தயாராக இருக்க வேண்டும்: இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். தனியாக மட்டும் ஊற்றாதீர்கள்.

மிஞ்சும் உலோகத்தை ஊற்ற ஒரு பாத்திரம் முன்கூட்டியே சூடாகி இருக்க வேண்டும். பழைய இரும்புக் குழிப்பணியாரச் சட்டி இதற்கு மிகப் பொருத்தம். அழகான சிறு கட்டிகள் கிடைக்கும். துரு இருக்கக் கூடாது, துரு ஈரத்தைப் பிடித்துவைக்கும். இட்லித் தட்டை எடுத்துவிடாதீர்கள், பல இட்லித் தட்டுகள் அலுமினியமே. பணியாரச் சட்டியும் அதன்பின் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

அலுமினியம் 660 டிகிரியில் உருகுகிறது, கலவை இன்னும் முன்னதாகவே. ஊற்ற வேண்டியது 720 டிகிரியை ஒட்டி. கண்ணால் மதிப்பிட முடியாது. பகல் வெளிச்சத்தில் அலுமினியம் நிறம் காட்டாது. கே-வகை வெப்பமானி ஒன்றை வாங்குங்கள், விலை அதிகமில்லை. சூடு மிஞ்ச மிஞ்ச உலோகம் காற்றின் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனைக் குடிக்கிறது. உறையும்போது அதை வெளியே தள்ளுகிறது, அதுவே ஊசித்துளைகளாகிறது. ஆகவே வெப்பம் வந்தவுடன் ஊற்றுங்கள், காத்திருக்காதீர்கள், கிளறாதீர்கள். வாயு நீக்கும் குளோரின் மாத்திரைகளை வீட்டில் பயன்படுத்தாதீர்கள், அவற்றின் புகை நச்சு.

உலையை அணைத்து, குறட்டால் மூசையைப் பிடித்துத் தூக்கி, சூடாக்கிய இரும்புக் கரண்டியால் கசடை ஒருமுறை வழித்தெடுங்கள். மூசையின் வாய் ஊற்றுத்துளைக்கு முடிந்தவரை அருகில் இருக்கட்டும். ஊற்றத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. ஊற்றுத்துளை எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும். ரைசரில் உலோகம் ஏறி வருவது தெரிந்ததும் நிறுத்துங்கள். அச்சை அரை மணி நேரம் தொடாதீர்கள்.

வார்ப்பிலிருந்து மூடி வரை

மணலை உடைத்து வார்ப்பை எடுத்ததும், ரைசரின் உச்சியைப் பாருங்கள். அது உள்வாங்கி இருந்தால் நல்ல செய்தி: மூடிக்கு வேண்டிய உலோகத்தை அது கொடுத்திருக்கிறது. அது தட்டையாக இருந்து மூடி குழிந்திருந்தால், அடுத்த முறை ரைசரைத் தடிப்பாக்கி இன்னும் அருகில் வையுங்கள்.

வாய்க்காலையும் ரைசரையும் ரம்பத்தால் அறுத்து அரத்தால் சீர்செய்யுங்கள். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாளை ஒட்டி, கேஸ்கெட் முகத்தை எட்டு வடிவத்தில் தேயுங்கள். தேய்க்கும் முன் முகம் முழுவதும் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் மறைந்தால் முகம் சமம். ஸ்டட் துளையை மட்டும் பக்கத்து லேத் பட்டறையில் துளைக்கக் கொடுப்பது நல்லது, சாய்ந்த துளை கசியும்.

பொருத்தும் முன் ஒரு சோதனை. மூடியின் வெளிப்பக்கம் முழுவதும் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, துளையை அடைத்து, குழிந்த பக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் வையுங்கள். ஊசித்துளை இருந்தால் வெள்ளைப் பரப்பில் கறை தெரியும். கறை பட்ட மூடியைத் தயங்காமல் மூசைக்கே திருப்பி அனுப்புங்கள்.

உலை வைக்க இடமில்லாதவர்கள் மாதிரியை மட்டும் வீட்டில் செய்து, சிறு வார்ப்பாலை ஒன்றில் கொடுத்து ஊற்றி வாங்கலாம். இதில் குறைவொன்றும் இல்லை. நல்ல மாதிரியோடு வருகிறவரை வார்ப்பாலைக்காரர்கள் மதித்தே பேசுவார்கள். மாதிரியின் பின்புறம் என்ன வண்டி, என்ன கலவை, எவ்வளவு சுருக்கம் சேர்த்தீர்கள், எந்தப் பக்கம் உபரி என்று எழுதி வையுங்கள்.

கறையில்லாமல் தேறிய மூடியைப் புதுக் கேஸ்கெட்டோடு பொருத்துங்கள். நட்டைச் சிறிய ஸ்பேனரால், கையின் பலத்துக்கு மட்டும் முறுக்குங்கள். எந்திரம் சூடேறும் அளவுக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, வெள்ளைத் துணியால் மூடியின் விளிம்பைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள்.